நான்கு தடங்களில் ஒன்பது பகுதிகள்: கேசட்டில் அடுக்கிப் பதிவு செய்யும் முறை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டாஸ்கம் 424 என்னும் நான்கு தடக் கேசட் ரெக்கார்டர் (தடம் என்பது நாடாவில் தனியாக ஒலி பதியும் ஒரு கீற்று), இரண்டு டைனமிக் மைக்குகள், ஒரு ஹெட்போன் ஆகியவை கையில் இருக்கின்றன. பாட நீங்களும் தங்கையும். பதிவு செய்ய நினைப்பது நால்வகைக் குரலில் பாடும் ஒரு கீர்த்தனை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள். தபேலா, பேஸ் கிட்டார், கீபோர்டு, கிட்டார், இடையில் ஒரு வயலின். ஆக ஒன்பது பகுதிகள். கடைசி மிக்ஸ், அதாவது எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கலக்கும் கட்டம், வரை கணினியைத் தொடாமல் இதை நான்கு தடங்களில் அடக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் கணினியில் பதிவு செய்து பழகியவர்கள் கடைசியில் செய்யும் வேலையை இங்கே முதலில் செய்ய வேண்டும். எந்தப் பகுதி எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற முடிவைக் குரல்களைப் பதிவு செய்யும் முன்பே எடுத்தாக வேண்டும். எடுத்தபின் மாற்ற இயலாது. ஆகவே இயந்திரத்தை இயக்குமுன் ஒரு தாளை எடுத்து, முடிந்த பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். மற்ற நுட்பங்கள் எல்லாம் அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

இயந்திரம் என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். சாதாரணக் கேசட் டெக்கில் இரண்டு தடங்கள் ஒரு பக்கத்துக்கும், மற்ற இரண்டு கேசட்டைத் திருப்பிப் போட்டால் ஓடும் மறுபக்கத்துக்கும் உரியவை. 1979-இல் வந்த டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ 144 இந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. நாடாவையும் வழக்கமான வேகத்தைப் போல இருமடங்கில், நொடிக்கு ஏறத்தாழ 9.5 செ.மீ. என்ற வேகத்தில் ஓட்டியது. உங்கள் 424 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் விளைவாக, இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 கேசட் ஒன்றில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள்தான். ஒவ்வொரு தடமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கீற்று. 1967-இல் லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்திய ஸ்டூடர் இயந்திரமும் நான்கு தடம்தான். ஆனால் அதன் நாடா ஓர் அங்குல அகலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய நாடா தாங்கிய அளவு நகலெடுப்பை உங்கள் நாடா தாங்காது.

நான்கில் ஒன்பதை அடக்கும் வழிக்குப் பவுன்ஸ் என்று பெயர். மூன்று தடங்களில் பதிந்ததை நான்காவது தடத்தில் ஒன்றாகக் கலந்து பதிந்துவிட்டு, பழைய மூன்றின் மேல் புதியவற்றைப் பதிவது. பதிவதும் படிப்பதும் ஒரே ஹெட் (நாடாவை உரசி நிற்கும் காந்த முனை) என்பதால், பவுன்ஸ் செய்த தடம் மற்றவற்றோடு காலம் பிசகாமல் ஒட்டி நிற்கும். பவுன்ஸ் நடக்கும்போதே இன்னொரு பகுதியை நேரடியாக வாசித்தோ பாடியோ அதில் சேர்த்துவிடலாம் என்பதுதான் பலர் கவனிக்காத லாபம். இப்படி மூன்றும் நேரடியாக ஒன்றும் நான்காவதில். பிறகு இரண்டும் நேரடியாக ஒன்றும் மூன்றாவதில். பிறகு ஒன்றும் நேரடியாக ஒன்றும் இரண்டாவதில். மிஞ்சிய முதல் தடத்தில் ஒன்று. மொத்தம் பத்துப் பகுதிகள். இவற்றில் எதுவும் ஒருமுறைக்கு மேல் நகலாவதில்லை. உங்களுக்கு ஒன்பதே தேவை என்பதால் கடைசிப் பவுன்ஸ் வேண்டியதில்லை.

எதை முதலில் புதைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. ஒவ்வொரு நகலிலும் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் தேயும், தெளிவு மங்கும். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-களின் இறுதியில் தட்டுகளிலும், பிறகு ஆம்பெக்ஸ் நாடா இயந்திரத்திலும், ஏற்கெனவே பதிந்ததன் மேலேயே அடுத்த அடுக்கைச் சேர்த்துக்கொண்டு போனார். அவர் நாடாவில் செய்த முறையில் ஓர் அடுக்கில் தவறினால் அதற்கு முந்தைய அடுக்குகளும் போய்விடும்; முதலிலிருந்து தொடங்க வேண்டும். முக்கியம் குறைந்த பகுதிகளை முதலில் பதிந்து, முதன்மைக் குரலையும் முதன்மைக் கிட்டாரையும் கடைசிக்கு வைப்பது அந்த முறைக்கு இயல்பான ஒழுங்கு. உங்களுக்கும் அதுவே பொருந்தும். மங்கினாலும் பாட்டைக் கெடுக்காதவை முதலில். கேட்பவர் காது தேடிப் போகிறவை கடைசியில்.

உங்கள் பாட்டுக்கு நான் போடும் திட்டம் இது. முதல் தடத்தில் தபேலா, இரண்டில் கீபோர்டு, மூன்றில் பேஸ் கிட்டார். இவற்றை நான்காவதற்குப் பவுன்ஸ் செய்யும்போது கிட்டாரை நேரடியாக வாசியுங்கள். பேஸ் கிட்டாரை மூன்றில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே ஹெட்டில் சிறிது கசிவு இருக்கும்; மூன்றிலிருந்து நான்குக்குப் பதியும்போது நான்கில் பதிவது மூன்றின் வழியாகக் கசிந்து திரும்ப வந்து கீச்சென்று ஊளையிடத் தொடங்கலாம். இது மேல் அதிர்வெண்களில்தான் நேரும். பேஸ் கிட்டாரின் ட்ரெபிளை, அதாவது மேல் அதிர்வெண்களை, தாராளமாகக் குறைக்கலாம் என்பதால் அந்தச் சிக்கலுக்கு இடமே இல்லாமல் போகும். தபேலாவை அங்கே வைத்திருந்தால் வலக்கைத் தபேலாவின் கூர்மையான 'நா' ஒலியைக் காப்பாற்றுவதா, ஊளையை அடக்குவதா என்று தவிக்க நேரும்.

இப்போது ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை மீண்டும் உங்களுக்குக் காலி. ஒன்றில் ஆல்டோ, இரண்டில் டெனர். இவற்றை மூன்றுக்குப் பவுன்ஸ் செய்யும்போது பேஸ் குரலை நேரடியாகப் பாடுங்கள். இங்கும் இரண்டும் மூன்றும் அண்டைத் தடங்கள். ஆகவே டெனரின் ட்ரெபிளை உயர்த்தாதீர்கள். பிறகு ஒன்றில் வயலின், இரண்டில் சோப்ரானோ. நான்கு, மூன்று, இரண்டு என்று ஒன்பதும் அடங்கிவிட்டன. ராகத்தைத் தாங்கும் சோப்ரானோவும் வயலினும் முதல் பதிவாகவே, நகலாகாமல் நிற்கின்றன. கடைசி மிக்ஸில் இவ்விரண்டையும் இசைக்கருவிகளின் தடத்தையும் மற்ற மூன்று குரல்களின் தடத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம்.

நீங்கள் இருவர் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆல்டோவையும் டெனரையும் தனித்தனியே பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் ஒரே மைக்கின் முன் அருகருகே நின்று ஒன்றாகப் பாடலாம். யார் குரல் மேலோங்குகிறதோ அவர் அரையடி பின்னே நகர வேண்டும். ஃபேடர்கள் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்திகள்) மலிவதற்கு முன் பாடகர்களைச் சமன்செய்த முறை அதுதான், இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து. இப்படிச் செய்தால் இரண்டாவது தடம் மிச்சமாகும். அதில் அதே ஆல்டோவையும் டெனரையும் மீண்டும் ஒருமுறை பாடிப் பதியுங்கள். இருவர் நால்வராகக் கேட்கும், பாடகர் குழுவின் நிறைவு வரும்.

பவுன்ஸில் லெவல், அதாவது ஒவ்வொன்றின் ஒலியளவு, வைப்பதுதான் எல்லாரும் வழுக்கி விழும் இடம். தபேலா, கீபோர்டு, பேஸ் கிட்டார், கிட்டார் மட்டும் ஒலிக்கும்போது காதுக்கு இனிமையாகக் கேட்கும் கலவை, குரல்கள் வந்து அமர்ந்தபின் அப்படிக் கேட்காது. கீபோர்டின் நடு அதிர்வெண்கள் ஆல்டோவும் டெனரும் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மூன்று குரல்களும் வந்தபின் எல்லாம் கஞ்சியாகக் குழையும். ஆகவே ஒத்திகையாகப் பவுன்ஸை ஓட்டும்போது சோப்ரானோவை வாய்விட்டுப் பாடிக்கொண்டே லெவல்களை வையுங்கள். உங்கள் தங்கை பாட, கை ஃபேடரில் இருக்கட்டும். கீபோர்டு நீங்கள் விரும்புவதைவிடச் சற்றுத் தாழ்ந்தும், தபேலாவின் மேல் அதிர்வெண்கள் சற்றுத் துலக்கமாகவும் இருக்க வேண்டும். துலக்கம் நகலில் தேயும், தாழ்ந்தது தாழ்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டிக் கணக்கில் எடுப்பது அது.

இரைச்சலைப் பற்றிப் பலரும் அளவுக்கு மேல் அஞ்சுகிறார்கள். சம அளவு நாடா இரைச்சலுள்ள இரண்டு தடங்களை அப்படியே கலந்தால் இரைச்சல் 3 டெசிபெல் கூடும், நான்கைக் கலந்தால் 6. ஆனால் உங்கள் இயந்திரத்தில் டிபிஎக்ஸ் என்னும் இரைச்சல் குறைப்பு இருக்கிறது. அது பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கி, படிக்கும்போது இருமடங்காக விரிக்கிறது. இதனால் இரைச்சல் ஏறத்தாழ 30 டெசிபெல் தாழ்கிறது. டால்பி-பி என்னும் இன்னொரு இரைச்சல் குறைப்பு முறை மேல் அதிர்வெண்களில் தருவது 10 டெசிபெல் அளவே. தொடக்கம் முதல் இறுதி வரை டிபிஎக்ஸை அணைக்காதீர்கள். அதற்கு விலையும் உண்டு. நாடாவில் நேரும் பிழையையும் அது இருமடங்காக்கிவிடும்: ஹெட்டில் படிந்த அழுக்கால் ஒரு டெசிபெல் தாழ்ந்தால் உங்கள் காதுக்கு இரண்டு டெசிபெல் தாழ்வாக வரும். மேலும், பேஸ் கிட்டார் மட்டும் உள்ள தடத்தில் ஒவ்வொரு மீட்டலோடும் இரைச்சல் மூச்சு விடுவதுபோல் எழுந்து அடங்கும். அங்கே ட்ரெபிளைக் குறைத்தால் மூச்சும் குறையும். மீட்டரைச் சிவப்புக்குள் தள்ளி 'நாடாவின் வெப்பம்' எனப்படும் இதமான ஒலியைத் தேடும் பழக்கம் அகல நாடாக்களுக்கு உரியது. டிபிஎக்ஸ் போட்ட கேசட்டில் மீட்டர் 0-ஐ ஒட்டி நின்றால் போதும். தபேலாவின் கூர்மையான அடிகளுக்கு அதற்கும் கீழே வையுங்கள், ஏனென்றால் அத்தகைய அடியின் உச்சத்தை மீட்டர் எட்டிப் பிடிப்பதற்குள் அடி முடிந்துவிடும்.

ஆகவே ஹெட்டைச் சுத்தம் செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். செறிவு மிக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை. ரப்பர் உருளையை ஆல்கஹாலால் அடிக்கடி துடைத்தால் அது காய்ந்து இறுகும். அதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். சித்தப்பாவின் இயந்திரம் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததாகச் சொல்கிறீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி மெல்ல ஆடும். நீண்ட ஒரு கீபோர்டு ஸ்வரத்தைப் பதிந்து கேளுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெல்ட்டை மாற்றிய பிறகே மற்றது.

நாடாவைப் பொறுத்தவரை இந்த இயந்திரங்கள் குரோம் என்று அழைக்கப்படும் இரண்டாம் வகைக் கேசட்டுக்காக அமைக்கப்பட்டவை. இப்போது புதிதாக விற்பவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றைப் போட்டால் ஓடும், ஆனால் ட்ரெபிள் மங்கிக் கேட்கும். பிரிக்காத பழைய இரண்டாம் வகை சி-60 கிடைத்தால் இரண்டு வாங்குங்கள். சி-90-இன் நாடா மெல்லியது. சி-120-ஐத் தொடவே வேண்டாம். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஐம்பது முறை ஓடப்போகும் நாடா தடிப்பாக இருப்பது நல்லது. அந்த ஐம்பது முறையையும் குறைக்கப் பாருங்கள். ஒத்திகையை நாடா ஓடாமல் செய்யுங்கள். பாடும் பகுதி மனப்பாடமான பிறகே பதிவுப் பொத்தானைத் தொடுங்கள். புதுக் கேசட்டை முதலில் முழுவதும் முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டால் சுற்று ஒரே இறுக்கத்தில் அமையும்.

சுருதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேகத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் திருகு நடுவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை அமரும்போதும் பாருங்கள். வேகம் 15 சதவீதம் கூடினால் சுருதி இரண்டரை அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். அந்தத் திருகு அரைக்கால் அளவு நகர்ந்திருந்தாலே வயலின் சேராது. கீபோர்டு முதலிலேயே பதிந்துவிட்டதால் அதுவே உங்கள் சுருதி. வயலினை நாடாவில் ஒலிக்கும் கீபோர்டைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அறையில் இருக்கும் கீபோர்டைக் கேட்டு அல்ல. சுருதிப் பெட்டி போலத் தாளத்தோடு தொடர்பில்லாத ஒலி ஏதேனும் சேர்க்க நினைத்தால் அதற்குத் தடமே வேண்டாம். கடைசி மிக்ஸ் நடக்கும்போது நேரடியாக ஒலிக்கவிட்டு அதனோடு கலந்துவிடலாம்.

தொடங்குவதற்கு ஓர் எண்ணிக்கை வேண்டும். தபேலாவுக்கு முன் நான்கு தட்டுகளைக் குச்சியால் தட்டிப் பதியுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு பகுதியும் அதைக் கேட்டே உள்ளே வரும். பவுன்ஸ் செய்யும்போது அந்தத் தட்டுகளையும் சேர்த்தே நான்காவது தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசி மிக்ஸில் ஃபேடரைத் தாழ்த்தி மறைத்துக்கொள்ளலாம். நாடாவின் தொடக்கத்தில் உள்ள வெற்று நாடாவைத் தாண்டிப் பத்து நொடி விட்டே தொடங்குங்கள். பாடும்போது ஹெட்போனின் ஒலியைக் குறைவாக வையுங்கள். அதிலிருந்து மைக்குக்குள் கசியும் தபேலா உங்கள் குரலோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும்.

அறைக்கு அதிகம் செலவிட வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பின்புறச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, கொடியில் இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டாலே குரலுக்குப் போதும். கீபோர்டையும் பேஸ் கிட்டாரையும் வயர் வழியாக நேரே செருகுங்கள், மைக் வேண்டியதில்லை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் 144-ஐயும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துப் பதிந்தவை, ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துப் பார்த்தும் அந்த உணர்வு வராததால், அந்தக் கேசட்டிலிருந்தே இசைத்தட்டாக வெளிவந்தன. அவருக்கு ஒன்பது பகுதிகள் தேவைப்படவில்லை. குரலும் கிட்டாரும், அதன்மேல் சேர்த்த சில்லறை ஒலிகளும்தான். பகுதிகள் குறைந்தால் பாட்டு பலம் பெறும் என்று தோன்றினால் கீபோர்டை விட்டுவிடத் தயங்காதீர்கள். கிட்டார் நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு வேலையே இராது என்பது என் ஊகம்.

இனி, நான் பட்ட ஓர் அடி. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை மாலையில், மூன்று பகுதிகளோடு நேரடியாக ஒன்றையும் வாசித்து நான்காவது தடத்துக்குப் பவுன்ஸ் செய்துகொண்டிருந்தபோது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது. விளக்கு மங்கியதை நான் கவனித்தேன், ஆனால் பல்லவியை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்று அடுத்த நாளே முதல் இரண்டு தடங்களின் மேல் குரல்களைப் பதிந்துவிட்டேன். மூன்றாம் சரணத்தில் நேரடியாக வாசித்துச் சேர்த்த கருவி மட்டும் ஒரு கணம் அரைச்சுரம் ஏறி மீண்டது பிறகுதான் தெரிந்தது: பதியும்போது மோட்டார் தளர்ந்த இடத்தில், படிக்கும்போது சுருதி எகிறியது. மூலம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. அன்றுமுதல் பவுன்ஸ் முடிந்ததும், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை, வேறு வேலை எதுவும் செய்யாமல் இருமுறை கேட்டபிறகே அடுத்த பதிவைத் தொடுகிறேன். ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை ஸ்பீக்கரில்.

பீட்டில்ஸ் குழுவினருக்கு இந்த ஆபத்து இல்லை. ஓர் இயந்திரத்தில் நிறைந்த நான்கையும் கலந்து இரண்டாவது இயந்திரத்தின் புது நாடாவுக்கு மாற்றினார்கள், பழைய நாடா அலமாரியில் பத்திரமாக இருந்தது. நீங்களும் ஒரு நல்ல ஸ்டீரியோ டெக் கிடைத்தால் அப்படிச் செய்யலாம்: நான்கு தடங்களையும் ஸ்டீரியோவாகக் கலந்து டெக்கில் பதிந்து, பிறகு புதுக் கேசட்டின் முதல் இரண்டு தடங்களுக்குத் திரும்பக் கொண்டுவருவது. தபேலா இடமும் கிட்டார் வலமும் பிரிந்து நிற்கும், மூலமும் அழியாது. ஆனால் ஒன்றுக்கு இரண்டு நகல்கள் ஆகின்றன, அதுவும் பாதி வேகத்தில் ஓடும் டெக்கின் வழியாக. உங்கள் பாட்டுக்கு நான் உள்ளேயே பவுன்ஸ் செய்வதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எல்லாக் கருவிகளும் நடுவில் ஒரே தடமாக நிற்பது பாடகர் குழுப் பாட்டுக்குக் குறையாகத் தெரியாது. மற்ற மூன்று குரல்களைச் சற்று இடப்புறமும் வயலினைச் சற்று வலப்புறமும் தள்ளி, சோப்ரானோவை நடுவில் வைத்தால் போதிய விரிவு கிடைக்கும்.

கடைசி மிக்ஸை மட்டும் கணினியிலோ டிஜிட்டல் ரெக்கார்டரிலோ எடுங்கள். அங்கே இன்னொரு கேசட் நகலைச் சேர்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஃபேடர்கள் கையில் இருக்கட்டும்: வயலின் வாசிக்காத சரணங்களில் அதன் தடத்தை முற்றிலும் தாழ்த்திவிடுங்கள், அதன் இரைச்சலும் அதனோடு போகும். எந்த இடத்தில் எது ஏறி எது இறங்க வேண்டும் என்பதை, நாடா ஓடிய அளவைக் காட்டும் கவுன்டரின் எண்களோடு தாளில் குறித்துக்கொண்டு, ஒரு கையை நீங்களும் மறு கையைத் தங்கையும் கொடுத்து, ஒரே மூச்சில் நான்கைந்து முறை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது முறைதான் பெரும்பாலும் நன்றாக வரும். பிறகு கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிட்டு, அட்டையில் வேகம், டிபிஎக்ஸ், பிட்ச் நடுவில், எந்தத் தடத்தில் எது என்று எழுதி வையுங்கள். சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில், டிபிஎக்ஸ் பிரிக்கப்படாமல், இரண்டே தடங்கள்தான் கேட்கும் என்பதால், பத்து வருடம் கழித்து எடுக்கும்போது அந்த அட்டை இல்லாமல் உங்களுக்கே புரியாது.